இருபது இலக்கங்கள்

எங்கள் வீட்டில் வெளிச்சம் முன்பணத்துக்கு வருவது.
ஐந்நூறு ஷில்லிங் அனுப்பினால்
கைப்பேசியில் இருபது இலக்கங்கள் வந்து விழும்.
கதவுக்கு மேலே இருக்கும் மீட்டரில்
நாற்காலி போட்டு ஏறி
ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும்.
ஏறுகிறவள் நான்.
கீழே நின்று எண்களை வாசிக்கிறவள் செலகாட்,
கொட்டாவி விட்டபடி,
முதுகுக்குப் பின்னால் மூன்று விளக்கும் எரிய.

நைரோபியில், உமோஜாவில், நாலாம் மாடி.
செவ்வாயும் சனியும்தான் தண்ணீர்.
மற்ற நாளெல்லாம் நீல டிரம்.
அவளுடைய கெரிச்சோவில்
மத்தியானமானால் மழை தவறாதாம்,
யாரும் அளந்து பார்ப்பதில்லையாம்.
நான் கிட்டூயிக்காரி.
மும்புவா என்றால் மழையில் பிறந்தவள்.
அந்த ஒரு மழையைப் பற்றித்தான் அம்மா
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு கோப்பைத் தேநீருக்குக் கெட்டில் நிறையத் தண்ணீர்.
கொதித்ததும் மறப்பாள். ஆறியதும் மறுபடி.
ஹீட்டரைப் போட்டுவிட்டுத்தான் துண்டைத் தேடுவாள்.
வறண்ட நாளில் குழாயைத் திருகிப் பார்ப்பாள்,
காற்றுதான் வரும், மூட மாட்டாள்.
நடுராத்திரி தண்ணீர் வந்து
தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்,
விழித்துக்கொள்வது நானாக இருக்கும்.
உகாலியை நாலு பேருக்குக் கிளறுவாள்.
விறைத்துப்போன பாதியைக் குப்பைப் பைக்குள் தள்ளும்போது
வாயில் ஒரு பாட்டு.

முதலில் ஜாடையாகச் சொன்னேன். சிரித்தாள்.
டிரம்மில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டேன்,
வியாழன்வரை இதற்குக் கீழே போகாதே.
நல்ல நிறம் என்று
மிச்சப் பூச்சைத் தன் இருபது நகங்களுக்கும்
பூசிக்கொண்டாள். குப்பி காலி.

பிறகு ஒரு நோட்டு, அவளுக்குத் தெரியாமல்.
தேதி, யூனிட், யார்.
'யார்' என்ற இடத்தில்
செ. செ. செ. செ.
மதாட்டுவில் நசுங்கிக்கொண்டு வரும்போது
அவளிடம் சொல்ல வேண்டியதை முணுமுணுப்பேன்.
அந்தச் சண்டைகளில் நான் தோற்றதே இல்லை.
கண்டக்டர் ஒருநாள் கேட்டான்,
என்னையா திட்டுகிறாய் அக்கா?

ஆகஸ்டில் அண்ணன் கல்யாணத்துக்குப் போனாள்,
பதினாறு நாள்.
அவள் அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
ராஜ்யம் கைக்கு வந்தவள்போல அணைத்தேன்.
ஒரு கோப்பைக்கு ஒரு கோப்பைத் தண்ணீர்.
இருட்டில் குளித்தேன். இருட்டில் தின்றேன்.
பன்னிரண்டாம் நாள்
மீட்டர் சிவப்பாய்ச் சிமிட்டிக் கூவியது.
அவள் இருந்தால் பத்தாம் நாள் கூவும்.

நாற்காலி போட்டேன். வாசித்துச் சொல்ல ஆளில்லை.
எட்டு, மூன்று, மூன்று, ஒன்று...
நடுவில் தப்பிப்போய் மறுபடி எட்டு.
கடைசி எண்ணை அழுத்திய பிறகுதான் கேட்டது
சமையலறையில் அந்த உறுமல்.
போன வருஷம் பேரம் பேசி, பெருமையாக,
நாலாம் கையாய் நான் வாங்கிவந்த பிரிட்ஜ்.
கதவு ரப்பர் கிழிந்து ஒரு விரல் நுழையும்.
அந்தச் சந்து வழியே
உமோஜாவையே குளிரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.
உள்ளே அரை எலுமிச்சை, ஒரு முட்டை.

நோட்டைத் திருப்பினேன்.
'மு' என்று ஓரிடத்திலும் இல்லை.

சனிக்கிழமை வந்தாள்,
ஒரு பை தேயிலையும், புளித்த பால் நிறைந்த
சுரைக்குடுவையுமாக.
இதைப் பிரிட்ஜில் வைக்காதே, வெளியிலேயே கெடாது என்றாள்.
கெட்டிலை விளிம்புவரை நிரப்பினாள்.
நான் இல்லாததில் எவ்வளவு மிச்சம்?
கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.
அப்படியென்றால்
எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

இரண்டு நாள், என்றேன்.
விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.
நூறு ஷில்லிங் எடுத்து மேசைமேல் வைத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.
ஆமாம், வாங்கிக்கொண்டேன்.

கெட்டில் கொதித்து அடங்கியது.
அவள் அதற்குள் கல்யாணக் கதையில் இருந்தாள்.
ஆறுவதற்குள் எழுந்துபோய்
இரண்டு கோப்பையில் ஊற்றினேன்.
பிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி நின்று
திரும்ப ஆரம்பித்தது.
இது ஏன் இப்படிக் கத்துகிறது, என்றாள்.
பழசு, என்றேன்.